இத்தாலிய வினைச்சொல்லில் அழுத்தம் எங்கே விழுகிறது? (தெலேஃபொனனொவா, தெலெஃபொனானொவா?)

தர்சினி_பலெர்மோ

எல்லாருக்கும் வணக்கம். நான் பலெர்மோவுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. குடியுரிமைக்கு விண்ணப்பிக்க 2018 இறுதியில் வந்த சட்டத்தின்படி பி1 நிலைச் சான்றிதழ் வேண்டும் என்பதால் இப்போது இத்தாலிய மொழியை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். காதால் பழகிய மொழி, இலக்கணமே தெரியாது.

போன கிழமை பக்கத்து வீட்டுப் பெண் வந்து, அம்மாவின் பிள்ளைகள் விசாரிக்கிறார்களா என்று கேட்டாள். ஞாயிறு தோறும் போன் பண்ணுகிறார்கள் என்று சொல்ல நினைத்து "தெலெஃபொனானொ" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. திருப்பிச் சொன்னேன், அப்போதும் விளங்கவில்லை. சாய்வு நாற்காலியில் இருந்த அம்மா கைப்பிடியில் ஒரு தட்டுத் தட்டி, "தெ-லே-ஃபொனனொ" என்றார். 'லே'க்கு மட்டும்தான் தட்டு. மற்றதெல்லாம் அவர் வாயில் சறுக்கிக்கொண்டு போனது.

எனக்குப் புரியாதது இதுதான். 'நாங்கள் போன் பண்ணுகிறோம்' என்பதற்கு "தெலெஃபொனியாமொ" என்று கடைசிப் பக்கம்தான் அழுத்துகிறார்கள். 'அவர்கள்' என்று வந்தால் ஏன் அழுத்தம் அவ்வளவு முன்னே ஓடுகிறது? இதற்கு ஒரு விதி இருக்கிறதா, அல்லது ஒவ்வொரு சொல்லாக மனப்பாடம்தான் செய்ய வேண்டுமா?

மொழிக்கரை

தர்சினி, விதி இருக்கிறது. ஒரு முறை பிடிபட்டால் முக்கால்வாசி வினைகள் கைக்குள் வந்துவிடும். நான் பன்னிரண்டு வருடமாக இத்தாலிய மொழி சொல்லிக்கொடுக்கிறேன். தமிழ் பேசுகிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடமே இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் எழுதும் முறை. நாம் இத்தாலியச் சொல்லைத் தமிழில் எழுதும்போது எல்லாவற்றையும் நெடிலாக்கிவிடுகிறோம்: "பார்லானோ". அதிலேயே அழுத்தம் செத்துப்போகிறது. எல்லா அசையும் கனமாக இருந்தால் எதுதான் கனம்? இந்த இழையில் நான் எழுதும்போது அசைகளைக் கோடிட்டுப் பிரிக்கிறேன், அழுத்தம் விழும் அசையைச் சதுர அடைப்புக்குள் போடுகிறேன், மற்ற உயிர்களைக் குறிலாகவே வைக்கிறேன். சொல்லின் இறுதியில் 'னொ', 'ரெ' என்று குறில் வருவது கண்ணுக்கு விநோதமாக இருக்கும். பழகிக்கொள்ளுங்கள், உண்மையான ஒலி அதுதான்.

பேசுதல் என்ற வினையின் நிகழ்காலம்:

நான் [பர்]-லொ, நீ [பர்]-லி, அவன் அல்லது அவள் [பர்]-ல, நாங்கள் பர்-[லியா]-மொ, நீங்கள் பர்-[லா]-தெ, அவர்கள் [பர்]-ல-னொ.

பாருங்கள். நான், நீ, அவன், அவர்கள் என்ற நான்கிலும் அழுத்தம் வேரில். நாங்கள், நீங்கள் இரண்டில் மட்டும் விகுதிக்கு இறங்குகிறது. 'அவர்கள்' வடிவத்தில் அழுத்தம் முன்னே ஓடவே இல்லை, ஒருமையில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதன் பின்னால் 'னொ' என்று ஓர் அசை வந்து ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். 'அவன் போன் பண்ணுகிறான்' தெ-[லே]-ஃபொ-ன. அதோடு 'னொ' சேர்த்தால் தெ-[லே]-ஃபொ-ன-னொ. 'லே' அசையவில்லை.

இந்த 'னொ' ஏன் ஒட்டிக்கொண்டது என்பதற்கு வரலாறு உண்டு. லத்தீனில் 'பாடுகிறார்கள்' என்பது "காந்தந்த்" என்று இரண்டே அசை. கடைசித் தகரம் உதிர்ந்து "கந்தன்" ஆனது, பிறகு இறுதியில் ஒரு ஒகரம் சேர்ந்து "கந்தனொ" ஆனது. பின்னால் வந்து சேர்ந்த அசைக்காக அழுத்தம் இடம் மாறவில்லை.

ஆகவே தர்சினி, இனி 'அவர்கள்' வடிவத்தை நேராகச் சொல்லப் பார்க்காதீர்கள். முதலில் 'அவன்' வடிவத்தை மனதில் சொல்லுங்கள், பிறகு 'னொ'வை மெதுவாகப் பின்னால் வையுங்கள்.

இசை_வெங்கட்

மொழிக்கரை சொன்ன அந்தப் பழைய "கந்தன்" வடிவம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. நான் மேற்கத்தியக் குரலிசை படிக்கிறேன். ஓப்பெரா வரிகளில் மெட்டுக்காகக் கடைசி ஒகரத்தை வெட்டி இப்படித்தான் எழுதுவார்கள். இசைத்தாளில் ஒவ்வொரு அசையையும் கோடு போட்டுப் பிரித்து அதற்குரிய சுரத்தின் கீழே அச்சிட்டிருப்பார்கள். அழுத்தமுள்ள அசை பெரும்பாலும் தாளத்தின் பலமான அடியில் வந்து உட்காரும். அசை பிரிக்கப் பழக எனக்கு அதைவிட நல்ல வழி தெரியவில்லை. பாடத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை, தாளை வைத்துக்கொண்டு விரலால் மேசையில் தட்டிக்கொண்டே படித்தால் போதும். உங்கள் வீட்டு அம்மா நாற்காலியில் தட்டியதும் அதேதான்.

யாப்பு_நேசன்

ஒரு சந்தேகம். அசை என்றால் எனக்கு நேர், நிரைதான் தெரியும். 'அவர்கள் நேசிக்கிறார்கள்' என்பது "ஆமனொ" என்று ஒரு பாடத்தில் பார்த்தேன். நம் கணக்கில் ஆ நேர், மனொ நிரை, ஆக இரண்டு அசை. ஆனால் அங்கே மூன்று என்று போட்டிருக்கிறார்களே?

மொழிக்கரை

நல்ல கேள்வி. பெயர் ஒன்று, பொருள் வேறு. யாப்பில் குறிலிணை ஓரசையாகும், 'வரும்' என்பது ஒரே நிரை. இத்தாலிய அசைக்கு ஓர் உயிர் இருந்தால் போதும், அது வ-ரும் என்று இரண்டாகவே எண்ணப்படும். அதனால் [ஆ]-ம-னொ மூன்று அசை. நேர், நிரையைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு உயிர்களை மட்டும் எண்ணுங்கள்.

ஆனால் நம் இலக்கணத்தில் ஒரு சொல் இங்கே அருமையாக உதவுகிறது: ஈற்றயல், அதாவது கடைசிக்கு முந்தியது. இத்தாலியச் சொற்களில் பெரும்பான்மைக்கு அழுத்தம் ஈற்றயல் அசையில். அப்படிப்பட்ட சொல்லை அவர்கள் "பியான" என்பார்கள், சமதளம் என்று பொருள். ஈற்றிலேயே விழுந்தால் "த்ரொங்க", அதாவது வெட்டுண்டது. ஈற்றிலிருந்து மூன்றாவதில் விழுந்தால் "ஸ்த்ரூச்சொல", வழுக்குவது. நான்காவதில் விழுந்தால் "பிஸ்த்ரூச்சொல", இரட்டை வழுக்கல். தெலேஃபொனனொ இந்தக் கடைசி வகை. 'வசிக்கிறார்கள்' [ஆ]-பி-த-னொவும் அதே வகைதான். இப்படி நான்காவதில் அழுத்தம் விழும் சொற்கள் ஏறக்குறைய எல்லாமே வினைகள்தான். பெயர்ச்சொல்லை மட்டும் கேட்டுப் பழகிய காது வினையில் தடுமாறுவதற்கு அதுவே காரணம்.

சங்கரி_தொரினோ

நான் தொரினோவில் பொறியியல் படிக்கிறேன். தர்சினி அக்கா கேட்டதோடு சேர்த்து எனக்கும் ஒன்று. 'படிக்கிறேன்' "ஸ்தூதியொ", 'அனுப்புகிறேன்' "இன்வீஒ". இரண்டும் எழுத்தில் ஒரே மாதிரி இகரம், ஒகரம் என்றுதான் முடிகின்றன. ஒன்றில் இகரம் கரைந்துபோகிறது, இன்னொன்றில் அதுவே ராஜா மாதிரி நிற்கிறது. அப்புறம் 'நீ' வடிவத்தில் ஒன்றுக்கு ஓர் இகரம், மற்றதற்கு இரண்டு. வகுப்பில் காரணம் சொல்லவில்லை, பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டார்கள்.

மொழிக்கரை

அந்த இரண்டு இகரத்துக்கும் காரணம் அழுத்தம்தான் சங்கரி. அழுத்தம் பெறாத இகரம் அடுத்த உயிரோடு சேர்ந்து யகரம் போலக் கரைந்து ஒரே அசையாகிவிடும்: [ஸ்தூ]-தியொ, இரண்டு அசை. அழுத்தம் பெற்ற இகரம் கரையாது, தனி அசையாக நிற்கும்: இன்-[வீ]-ஒ, மூன்று அசை.

'நீ' வடிவத்தின் விகுதி ஓர் இகரம். கரையும் இகரத்தோடு அது சேர்ந்தால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, எனவே "ஸ்தூதி" என்று எழுத்திலும் ஓர் இகரம்தான். அழுத்தமுள்ள இகரம் தன் இடத்தை விடாது, ஆகவே இன்-[வீ]-இ என்று இரண்டும் எழுத்தில் நிற்கும். 'நான்' வடிவத்தில் இகரத்தில் அழுத்தம் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். விழுந்தால் 'நீ' வடிவத்துக்கு இரண்டு இகரம். பட்டியல் வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'அனுப்புகிறார்கள்' இன்-[வீ]-அ-னொ, நான்கு அசை. 'அனுப்புகிறோம்' இன்-[வியா]-மொ, மூன்றே அசை. அழுத்தம் விகுதிக்குப் போன உடனே இகரம் பலம் இழந்து கரைந்துவிட்டது. அழுத்தம் நகர்ந்தால் அசையின் எண்ணிக்கையே மாறுகிறது. எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த இடம் இது.

சில இகரங்கள் வெறும் எழுத்துக்காக மட்டும் இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'சாப்பிடுகிறார்கள்' என்பதில் இகரம் எழுதப்படும், ஆனால் ஒலிப்பது [மன்]-ஜ-னொதான். ஜகர ஒலியைக் காட்டத்தான் அந்த இகரம், அதற்கு அசை கிடையாது.

தர்சினி_பலெர்மோ

மொழிக்கரை அண்ணா, மிகவும் நன்றி. 'அவன்' வடிவத்தோடு 'னொ' சேர்ப்பதை இன்று காலை சமைக்கும்போது சொல்லிப் பார்த்தேன், வருகிறது. ஆனால் அதில் இன்னொரு கோளாறு நடந்தது. அம்மாவுடன் தொலைக்காட்சியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். பலெர்மோ அணி பின்தங்கியிருந்தது. 'தோற்கிறார்கள்' என்று சொல்ல "பெர்தோனொ" என்றேன். அம்மா என் பக்கம் திரும்பி, 'யாரை மன்னிக்கிறாய் மகளே?' என்றார்.

மொழிக்கரை

இது பாடத்தில் வைக்க வேண்டிய உதாரணம்! எழுத்து ஒன்றேதான், ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. [பெர்]-தொ-னொ என்றால் தோற்கிறார்கள். பெர்-[தோ]-னொ என்றால் மன்னிக்கிறேன், மன்னிப்பு என்ற பெயர்ச்சொல்லும் அதுவே. அழுத்தம் அலங்காரம் இல்லை, பொருளையே சுமக்கிறது என்று காட்ட இந்த ஒரு ஜோடி போதும்.

இதுபோல இன்னும் உண்டு. [லெஜ்]-ஜெ-ரெ வாசித்தல், லெஜ்-[ஜே]-ரெ 'கனமில்லாதவை'. [சூ]-பி-தொ உடனே, சு-[பீ]-தொ 'அனுபவித்த, தாங்கிக்கொண்ட'. [வீ]-ஒ-ல மீறுகிறான், வி-[யோ]-ல ஊதாப் பூ. எல்லாரும் சொல்லும் மூன்றடுக்கு ஒன்று இருக்கிறது: [கா]-பி-தொ 'வந்து வாய்க்கிறேன்', க-[பீ]-தொ 'புரிந்தது', க-பி-[தொ] 'நேர்ந்தது'. இதில் பகரத்தையும் தகரத்தையும் வலித்தே சொல்ல வேண்டும். மூன்றாவதற்கு மட்டும் எழுத்தில் உயிரின் மேல் ஒரு சாய்கோடு இருக்கும். ஈற்றசையில் அழுத்தம் விழுந்தால் அந்தக் கோடு கட்டாயம், மற்ற இடங்களில் எழுதுவதில்லை. கோடு இல்லை என்றால் ஈற்றில் அழுத்தம் இல்லை. இது பெரிய உதவி.

யாப்பு_நேசன்

வினையின் மூல வடிவத்தைப் பற்றியும் சொல்லுங்கள். 'ஏரெ' என்று முடிவதில் சிலவற்றை இழுக்கிறார்கள், சிலவற்றை இழுப்பதில்லை.

மொழிக்கரை

அது லத்தீனிலிருந்து வந்த குறில், நெடில் வேறுபாடு. நம் ஆட்களுக்கு உடனே விளங்கும். லத்தீனில் இரண்டு தனி வகுப்புகள் இருந்தன. ஒன்றின் விகுதி நெடிலில் "ஏரெ", மற்றொன்று குறிலில் "எரெ". ஈற்றயல் நெடிலாக இருந்தால் அழுத்தம் அங்கே விழும், குறிலாக இருந்தால் ஒரு படி முன்னே போகும். இத்தாலியத்தில் நெடில், குறில் வேறுபாடு மறைந்துவிட்டது, அழுத்தம் மட்டும் அதன் தடமாக நிற்கிறது. வெ-[தே]-ரெ (பார்த்தல்), தெ-[மே]-ரெ (அஞ்சுதல்), அ-[வே]-ரெ (உடைத்தாதல்) எல்லாம் நெடில் வம்சம். [க்ரே]-தெ-ரெ (நம்புதல்), [ஸ்க்ரீ]-வெ-ரெ (எழுதுதல்), [ப்ரென்]-தெ-ரெ (எடுத்தல்) எல்லாம் குறில் வம்சம்.

சில வினைகள் வழியில் வீடு மாறிவிட்டன. சிரித்தல் லத்தீனில் நெடில், இத்தாலியத்தில் [ரீ]-தெ-ரெ. விழுதல் லத்தீனில் குறில், இங்கே க-[தே]-ரெ. ஆகவே லத்தீன் தெரிந்தவரும் முழுக்க அதை நம்பக்கூடாது.

இதைக் குறில் நெடில் போட்டு என்னால் தமிழில் எழுத முடிவதற்கும் ஓர் இத்தாலியர் காரணம். எகர, ஏகாரத்தையும் ஒகர, ஓகாரத்தையும் கொம்பு மாற்றி வேறுபடுத்தி எழுதும் சீர்திருத்தம் வீரமாமுனிவர் பெயரில்தான் இருக்கிறது. 1680இல் கஸ்தில்யோனெ என்ற ஊரில் பிறந்தவர். தன் மொழியில் எழுத்தில் தெரியாத ஒரு வேறுபாட்டை நம் மொழியில் எழுத்தில் தெளிவாகக் காட்ட அவர் அக்கறைப்பட்டதை நினைத்தால் எனக்கு மனம் நெகிழும்.

சங்கரி_தொரினோ

'முடிக்கிறேன்' என்ற சொல்லில் எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. புத்தகத்தில் ஃபி-னி-ஸ்கொ என்று பிரிக்கிறார்கள். ஸகரம் அடுத்த அசைக்குப் போகிறது. என் காதில் ஃபி-னிஸ்-கொ என்றுதான் விழுகிறது. என் காது தமிழ்க் காது என்பதால் அப்படியா?

மொழிக்கரை

உங்கள் காது சரிதான். வரி முடிவில் சொல்லை உடைக்கும்போது ஸகரத்தைப் பின்னதோடு சேர்க்க வேண்டும் என்பது எழுத்து விதி. தேர்வில் அப்படியே எழுதுங்கள். ஆனால் ஒலியியல் படித்தவர்களில் பலர் உங்கள் பிரிப்பையே ஆதரிக்கிறார்கள். ஆதாரம் எளிது. ஈறு அல்லாத இடத்தில், உயிரில் முடியும் அசைக்கு அழுத்தம் கிடைத்தால் அந்த உயிர் நீளும்: [லே], [வீ], [ஆ]. மெய்யில் முடியும் அசையில் நீளாது: [பர்], [மன்]. ஃபினிஸ்கொவில் 'னி' நீள்கிறதா? இல்லை. அப்படியானால் அந்த அசை ஸகரத்தால் மூடப்பட்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். நான் மாணவர்களுக்கு இரண்டையும் சொல்லிவிடுவேன்: கைக்கு ஒரு விதி, வாய்க்கு ஒரு விதி.

அந்த 'இஸ்க்' என்ற இடைச்சேர்க்கை எதற்கு என்று பலர் கேட்பார்கள். வடிவங்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: ஃபி-[னிஸ்]-கொ, ஃபி-[னியா]-மொ, ஃபி-[னீ]-தெ, ஃபி-[னிஸ்]-கொ-னொ. வேரான 'ஃபி'யின் மேல் அழுத்தம் ஒரு தடவைகூட விழவில்லை. வேரில் விழ வேண்டிய நான்கு இடங்களிலும் இந்தச் சேர்க்கை வந்து அழுத்தத்தை வாங்கிக்கொள்கிறது. அதனால் வேர் ஆறு வடிவத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது.

இந்தக் காவல் இல்லாத வினைகளில் வேரே உருமாறும். 'போகவேண்டும்' என்பதில் வரும் கடப்பாட்டு வினை [தே]-வொ, ஆனால் 'நாங்கள்' வந்தால் தொப்-[பியா]-மொ. 'சாகிறான்' [முவோ]-ரெ, 'சாகிறோம்' மொ-[ரியா]-மொ. 'வெளியே போகிறேன்' [எஸ்]-கொ, 'போகிறோம்' உஷ்-[ஷா]-மொ. ஒழுங்கற்ற வினை என்று இவற்றைத் தனித்தனியாகப் பயமுறுத்துவார்கள். ஒழுங்கு நன்றாகவே இருக்கிறது: அழுத்தம் பெற்ற உயிர் ஒரு வழி போனது, அழுத்தம் பெறாதது இன்னொரு வழி போனது. உஷ்ஷாமொவின் உகரத்துக்கு மட்டும் வேறு கதை. கதவு என்று பொருள்படும் "ஊஷ்ஷொ" என்ற சொல்லின் சாயல் அதில் ஏறிவிட்டது. வெளியே போவதற்குக் கதவைத் தாண்டத்தானே வேண்டும்.

தர்சினி_பலெர்மோ

எதிர்காலத்தைச் சொல்லும்போதும் அம்மா என்னைத் திருத்துகிறார். 'பேசுவோம்' என்று சொன்னால், 'பேசுவோமே, ஆனால்...' என்று இழுப்பதுபோல அவருக்குக் கேட்கிறதாம்.

மொழிக்கரை

அங்கே தமிழர்களுக்குப் பெரிய அனுகூலம் இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள். 'பேசுவோம்' பர்-லெ-[ரே]-மொ. 'முடிந்தால் பேசுவோம்' என்ற நிபந்தனை வடிவம் பர்-லெ-[ரெம்]-மொ. அழுத்தம் இரண்டிலும் ஒரே இடம். ஒன்றில் உயிர் நீள்கிறது, மற்றதில் மகரம் இரட்டிக்கிறது. 'இலை', 'இல்லை' இரண்டையும் வேறுபடுத்தத் தெரிந்த எவருக்கும் இது கஷ்டம் இல்லை. நீங்கள் மகரத்தைக் கொஞ்சம் அழுத்திவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

சங்கரி_தொரினோ

இங்கே வடக்கில் பலர் இரட்டை மெய்யை மெலிதாகவே சொல்கிறார்கள். பலெர்மோவில் கேட்டால் வித்தியாசம் இன்னும் துலக்கமாகத் தெரியும் என்று என் அறைத்தோழி சொல்கிறாள். அவள் தெற்கத்திக்காரி.

மொழிக்கரை

உண்மை. தெற்கிலும் நடுப்பகுதியிலும் இன்னொரு இரட்டிப்பும் உண்டு, வடக்கில் அது கிடையாது. ஈற்றில் அழுத்தம் விழும் சொல்லுக்குப் பின் வரும் மெய் மிகும். 'மோசமாகப் பேசினான்' பர்-[லொ] + [மா]-லெ, சேர்ந்து "பர்லொம்மாலெ". நமக்கு 'பலாப்பழம்' எப்படியோ அப்படி, ஆனால் நமக்கு வல்லினம் மட்டும் மிகும், அவர்களுக்கு மகர, லகரங்களும் மிகும். சில சொற்களில் இது எழுத்திலேயே ஏறிவிட்டது. 'எனக்குக் கொடு' என்பது "த" + "மி", எழுதுவது [தம்]-மி.

ஏவலுக்குப் பின்னால் இப்படி ஒட்டும் சிறு சொற்கள் அழுத்தத்தைத் தொடவே தொடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'எனக்குப் போன் பண்ணு' தெ-[லே]-ஃபொ-ன-மி. 'எனக்கு அதைக் கொண்டு வா' [போர்]-த-மெ-லொ என்று நெடிலாக எழுதத் தோன்றும், ஆனால் அசை மூடியிருப்பதால் [பொர்]-த-மெ-லொ. எத்தனை ஒட்டினாலும் வினை தன் அழுத்தத்தோடு நிற்கும்.

தர்சினி_பலெர்மோ

இன்று ஒரு தாளில் இருபது வினைகளை எழுதி, அழுத்தத்துக்குக் கீழே கோடு போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து ஒவ்வொன்றாக வாசித்தார். பத்தொன்பதுக்குத் தலையாட்டினார். 'மதிப்பிடுகிறேன்' என்ற சொல்லுக்கு நான் அகராதியைப் பார்த்து வ-[லூ]-தொ என்று போட்டிருந்தேன். அவர் பேனாவை வாங்கிக் கோட்டை [வா]வுக்குக் கீழே மாற்றிவிட்டார். எது சரி அண்ணா?

மொழிக்கரை

அகராதி சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த வினை "வலூத" என்ற பெயர்ச்சொல்லிலிருந்து வந்தது, அதன் அழுத்தம் 'லூ'வில். ஆனால் பேச்சில் நீங்கள் அதிகம் கேட்கப்போவது அம்மா சொல்வதைத்தான். எழுதும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. இனி ஒரு வினையில் ஐயம் வந்தால் அகராதியில் மூல வடிவத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் 'நான்' வடிவத்தைக் கோடிட்டு அச்சிட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். பிறகு அம்மாவிடமும் ஒரு தடவை கேளுங்கள்.

தர்சினி_பலெர்மோ

சரி அண்ணா. தாளில் இரண்டு கோடும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.